அமரரும் மர்ஹூமும்

திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் சுவர்களில் ஒரு சொல் நம் கண்ணில் தவறாமல் படும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் மறைந்தவரின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாவில்லாதவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆக, ஒருவர் இறந்துவிட்டார் என்பதை ஊருக்கு அறிவிக்க, இறவாதவர் என்று பொருள்படும் சொல்லையே தமிழ் மக்கள் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அதே நகரின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் பெயருக்கு முன்னால் வருவது 'மர்ஹூம்' என்னும் அரபுச் சொல். அருள் செய்யப்பட்டவர் என்பது அதன் பொருள். முன்னது இறப்பை மறுத்து ஆறுதல் சொல்கிறது. பின்னது இறப்பை ஒப்புக்கொண்டு, அதன்மேல் ஒரு வேண்டுதலை வைக்கிறது.

இவ்விரு சொற்களையும் பற்றி நாம் இவ்வளவு எண்ண நேர்ந்தது ஒரு கையெழுத்துப் படியால். நம்மிடம் அரபியும் தமிழும் பயின்று சென்ற மாணவர் ஒருவர் இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து வருகிறார். மாயக் கதைகளில் பெரும் ஈடுபாடு உடையவர். நானூறு பக்க நாவல் ஒன்றைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், தாங்கள்தாம் அணிந்துரை தரவேண்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

கதைத் தலைவன் ஒரு ஜின். நாலாயிரம் ஆண்டு வாழ்ந்தவன். அவனுக்குச் சாவே இல்லை என்று முதற் பக்கமே சொல்கிறது. ஆயினும் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவன் சாகிறான். பதினைந்தில் திரும்பி வருகிறான். இருபத்து மூன்றில் மறுபடியும் சாவு. இருபத்தாறில் மறுபடியும் வரவு. கடைசி அதிகாரத்தில் மூன்றாம் முறை இறக்கிறான், கதையும் முடிகிறது. அவ்விடத்தில் வாசகன் கண் கலங்கவேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். நமக்குக் கண் கலங்கவில்லை. இன்னும் மூன்று அதிகாரம் எழுதியிருந்தால் எழுந்து வந்திருப்பான் என்றே தோன்றிற்று.

படியில் நாம் பென்சிலால் பல திருத்தங்கள் இட்டோம். காணிக்கைப் பக்கத்தில் தம் தந்தையாரின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அதன் முன் 'மர்ஹூம்' என்பது விடுபட்டதாகக் கருதி அதைச் சேர்த்தோம். முதற் பக்க ஓரத்தில், 'ஜின் இறவாத படைப்பு அன்று' என்று குறித்தோம். படியைப் பார்த்த மாணவர் எழுதிய மறுமொழி இது: "ஹஜ்ரத், அது அகீதாவில். இது கற்பனை. கற்பனைக் கதையில் இறவாதவன் இறக்கலாமா, கூடாதா? இறந்தால் அது மெய்யான இறப்பா?"

கேள்வி நியாயமானது. கொள்கை நூலைக் கையில் வைத்துக்கொண்டு கதை நூலுக்குத் தீர்ப்பெழுதுவது இலக்கியம் பயிற்றுவோர்க்கு அழகன்று. ஆதலின் கதைகளிடமே கேட்டுப் பார்ப்போம் என்று முனைந்தோம். இக்கட்டுரை அம்முயற்சியின் பயன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சாவாமையைக் குறிக்க அரபியில் 'குல்து', 'குலூது' என்னும் சொற்கள் உள்ளன. திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் இஸ்பஹானி (ரஹ்), கெட்டுப்போவதில் தாமதம் காட்டும் எதையும் அரபிகள் இச்சொல்லால் குறிப்பர் என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று அடுப்புக் கற்கள். கூடாரத்தார் பெயர்ந்து போனபின்பும் பாலை மணலில் அம்மூன்று கற்கள் கிடக்கும். அவற்றை அரபிகள் 'கவாலித்' என்றார்கள். கல்லும் ஒருநாள் தேயும் என்பதை அறியாதவர்களா அவர்கள்? அறிந்தே அப்பெயரிட்டார்கள். நம்மைவிட நெடுங்காலம் இருப்பதை நாம் சாவில்லாதது என்கிறோம். வழக்குச் சொல்லின் அளவு அவ்வளவே.

வடமொழி மரபின் கணக்கும் இதற்கு அயலானதன்று. பிரமனின் ஒரு பகலுக்குள் பதினான்கு மனுக்கள் வந்து போவர். ஒவ்வொரு மனுவின் காலத்துக்கும் ஓர் இந்திரன். அமரர்க்கு அரசன் என்று போற்றப்படுபவன் ஒரே பகலில் பதினான்கு முறை மாறுகிறான். பிரமனுக்கும் அவன் கணக்கில் நூறு ஆண்டே ஆயுள். ஆகவே அமரர் என்ற பட்டத்துக்குள் ஒரு தவணை ஒளிந்திருக்கிறது.

திருமறையில் இபுலீசின் வரலாறும் தவணையின் வரலாறே. விரட்டப்பட்டபோது அவன் அவகாசம் கேட்டான். குறித்த நாள் வரை அவகாசம் வழங்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களிடம் இவன் சொன்ன ஆசை வார்த்தை என்ன? சாவாமை தரும் மரத்தைக் காட்டட்டுமா என்பதுதான். தனக்கே தவணை வாங்கி வைத்திருந்தவன், பிறருக்குச் சாவாமையை விலை பேசினான். மாயக் கதை எழுதுவோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும். கதைத் தலைவனுக்கு எல்லையில்லா ஆயுளை இனாமாகக் கொடுக்கும்போது நாம் யாருடைய வாணிகத்தைச் செய்கிறோம்?

நிற்க. மாணவர் சொன்னபடி இவையெல்லாம் கொள்கையோடு தொடர்புடையவை. வெறும் கதைக்கென்றே பிறந்த நூல் ஒன்றை எடுப்போம். ஆயிரத்தொரு இரவுகளைவிடக் கற்பனை மிக்க நூல் எது? அதில் ஷஹ்ரஸாத் சொல்லத் தொடங்கும் முதற்கதையே ஒரு ஜின்னின் சாவைப் பற்றியதுதான். வணிகன் ஒருவன் வழியில் அமர்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை வீசுகிறான். கண்ணுக்குத் தெரியாத ஜின் மகன் ஒருவன் மார்பில் அது பட்டு, அவன் இறந்துபோகிறான். தந்தை ஜின் வாளேந்தி வந்து பழிக்குப் பழி கேட்கிறான். தன் உயிரைக் காக்க ஒரு பெண் இரவெல்லாம் சொல்லப்போகும் கதைகளின் தலைவாயிலில், பேரீச்சங்கொட்டையால் மாண்ட ஒரு ஜின் பிள்ளை கிடத்தப்பட்டிருக்கிறான். அந்த ஜின் சாகமாட்டான் என்றிருந்தால் அந்தக் கதையே இல்லை. தந்தையின் துயரம் இல்லை; பழி இல்லை; வழிப்போக்கரான மூன்று முதியவர்கள் தத்தம் கதையைச் சொல்லி வணிகனின் உயிரில் மூன்றில் ஒரு பங்காக மீட்கும் அருமையான அமைப்பும் இல்லை.

இன்னொன்று, இரண்டாம் கலந்தரின் கதை. அதில் ஓர் அரசகுமாரி இஃப்ரீத் ஒருவனோடு பொருகிறாள். அவன் சிங்கமாகிறான், தேளாகிறான், கழுகாகிறான். அவளும் ஒவ்வோர் உருவத்துக்கும் எதிருருவம் எடுக்கிறாள். முடிவில் இருவரும் நெருப்பாகிப் பொருது, அவன் சாம்பலாகிறான். சிறிது பொழுதில் அவளும் சாம்பலாகிறாள். மானிடரினும் வலிய ஒன்றைக் கொல்வதற்கு உரிய விலையைக் கதை கொடுத்துவிட்டது. ஆதலின் வாசகன் அச்சாவை நம்புகிறான்.

நம் நாட்டுத் திரைப்படங்கள் இந்த ஜின்னைப் பூதமாக்கின. 1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தைக் கண்டு சிரிக்காதவர் குறைவு. சிரிப்புக்குக் குறை சொல்ல வரவில்லை. ஆயினும் பூதம் என்று மொழிபெயர்த்தவுடன் ஜின்னுக்குரிய தந்தை, மகன், பசி, அச்சம், இறப்பு எல்லாம் உதிர்ந்துவிட்டன. சீசாவுக்குள்ளிருந்து வந்து ஏவல் செய்யும் ஒரு கருவி மட்டும் எஞ்சியது. நம் மாணவரின் ஜின்னும் பாதி இந்தப் பூதத்தின் பிள்ளை.

அடுத்து, அவர் நாள்தோறும் கண்முன் காணும் சிதம்பரத்துக்கே வருவோம். நாம் சைவர் அல்லோம். ஆயினும் தமிழ் பயின்றவர்க்குத் தில்லையைப் பயிலாது தீராது. ஆடும் பெருமானின் காலடியில் கிடக்கும் முயலகனைச் சிலையிலேனும் படத்திலேனும் காணாத தமிழர் இல்லை. தாருகாவனத்து முனிவர் வேள்வியில் எழுப்பி ஏவிய பூதம் அவன். அறியாமையின் உருவம் என்பர். அவன் கொல்லப்படவில்லை, மிதிக்கப்பட்டிருக்கிறான். அறியாமை அடியோடு செத்துவிட்டால் அறிவுக்கும் முயற்சிக்கும் மதிப்பிராது, ஆதலின் அவனைக் கொல்லாமல் அடக்கி வைத்தார் என்று விளக்குவோர் உண்டு. வலிப்பு நோய்க்கும் தமிழில் முயலகன் என்றே பெயர். அடங்கியிருக்கும், ஆனால் தொலைந்தது என்று நம்பிவிட முடியாத ஒன்றுக்கு அப்பெயரை இட்டவர்கள் பொருளறிந்தே இட்டார்கள். ஆயிரத்தொரு இரவுகளில் மீனவனின் வலையில் சிக்கிய செம்புக் குடத்து ஜின்னும் இந்த இனமே. சுலைமான் நபி (அலை) அவர்களின் முத்திரைக்குக் கீழே நூற்றாண்டுகளாக அடைபட்டுக் கிடந்தான். அடைபட்டதனால் தீமை குறையவில்லை, முதிர்ந்தது.

கந்தபுராணத்தின் சூரபன்மன் வேறு வகை. நூற்றெட்டு யுகம் ஆளவும், அழியாத உடம்பு பெறவும் வரம் வாங்கியவன். வரம் தந்தவன் சொல்லும் பொய்க்கக் கூடாது. கொடுமையும் தொடரக் கூடாது. இவ்விக்கட்டைக் கச்சியப்ப சிவாசாரியார் யாங்ஙனம் தீர்க்கிறார்? மாமரமாய் நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். மயில் ஊர்தியாகிறது, சேவல் கொடியாகிறது. உயிர் போகவில்லை, ஆனால் சூரன் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. பகைமையே அவன் அடையாளமாக இருந்தது. அது போனபின் மிஞ்சியது வேறொருவன். இறவாத ஒருவனுக்கு இதைவிட முழுமையான இறப்பு ஏது?

சிதம்பரத்திலிருந்து தெற்கே சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி செல்லும் சாலையில் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாண்டு நிறைந்தவர்கள் மனைவியோடு வந்து மணிவிழாச் செய்துகொள்ளும் ஊர். மார்க்கண்டனைப் பற்ற வந்த காலன் உதைபட்டு வீழ்ந்த தலம் என்று அதன் புராணம் கூறும். சாவே செத்த ஊர்! அதற்குப் பின் நடந்ததாகச் சொல்லப்படும் பகுதிதான் நமக்கு வேண்டுவது. காலன் இல்லாமையால் ஒருவரும் சாகவில்லை. பூமி பாரம் தாங்காமல் முறையிட்டாள். காலன் மீண்டும் எழுப்பப்பட்டான். ஸஹீஹான ஹதீஸ் ஒன்றிலும் மரணத்துக்கு மரணம் உண்டு. மறுமையில் அது ஓர் ஆட்டுக்கடாவின் தோற்றத்தில் கொண்டுவரப்பட்டு, சுவனத்தாரும் நரகத்தாரும் பார்த்திருக்க அறுக்கப்படும். அது திரும்பி வராது. ஏனெனில் அதற்குப் பிறகு இவ்வுலகக் கணக்கு எதுவும் மீதமில்லை. திருக்கடையூரிலோ உலகம் இன்னும் நடக்கவேண்டியிருக்கிறது. ஆதலின் காலன் எழுந்தாக வேண்டும். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் கதைக்கலையின் விதி ஒன்று கிடைக்கிறது. மரணத்தைக் கதையின் நடுவில் கொன்றுவிட்டால், கதை நடப்பதற்காகவேனும் அதைத் திரும்ப அழைக்க வேண்டிவரும். மரணம் முற்றிலும் சாகும் இடத்தில் கதையும் முடிந்துவிடும்.

நம் மாணவர் மிகவும் போற்றுவது ஆங்கில ஆசிரியர் டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட மோதிரக் கதையை. அதை அவரே நமக்குப் படிக்கத் தந்தார். எதிர்வாதத்துக்குச் சான்று அதில் இருக்கும் என்று நம்பினார் போலும். அதில் காண்டால்ஃப் என்னும் மூத்தவர் நெருப்புப் பேயோடு பொருது இறந்து, திரும்பி வருகிறார். மெய்தான். ஆனால் ஒரே ஒரு முறை. தம் விருப்பத்தால் அன்று, தமக்கு மேலான ஒன்றினால் திருப்பி அனுப்பப்பட்டு. அதுவும் முடிக்கவேண்டிய பணி ஒன்றின் பொருட்டு, அது முடியும் வரை மட்டும். கத்தோலிக்கக் கிறிஸ்தவரான அவ்வாசிரியரும் அவகாசம் என்பதன் இலக்கணத்தை அறிந்திருந்தார். அவருக்கு எதிர்நிலையில் சாருமான் என்னும் மந்திரவாதி. அவரும் அதே வகைப் படைப்பு. தம் ஏவலாளனால் கழுத்தறுபட்டுக் கிடக்கும்போது உடலிலிருந்து புகைபோல் ஒன்று எழுகிறது. தான் வந்த மேற்றிசை நோக்கித் தயங்குகிறது. அத்திசையிலிருந்தே குளிர்ந்த காற்று வீசி அதைக் கலைத்துவிடுகிறது. உயிர் அழிந்ததா என்று ஆசிரியர் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இல்லை. அனுப்பிய இடம் ஏற்க மறுத்துவிட்டது என்பதே இறப்பினும் கொடிய முடிவு.

ஆக இறவாதார்க்கும் கதைகளில் இறப்பு உண்டு. ஒன்று தவணை தீர்தல். இரண்டாவது அடக்கப்பட்டுக் கிடத்தல். மூன்றாவது, தானாக இருந்த தன்மையை இழத்தல். மூன்றிலும் ஒரு விலை கொடுக்கப்படுகிறது. கொடுத்த விலை மீளப் பெறப்படுவதில்லை. 'வஃபாத்' என்ற சொல்லின் வேரில் முழுமையாகத் தீர்த்தல், குறைவின்றிப் பெற்றுக்கொள்ளல் என்னும் பொருள் இருக்கிறது. 'இறத்தல்' என்ற தமிழ்ச் சொல்லுக்கோ கடந்து செல்லுதல் என்பது பழம்பொருள்; இறந்த காலம் என்பதில் அது இன்றும் வாழ்கிறது. கணக்குத் தீரவேண்டும், எல்லையைக் கடக்கவேண்டும். இவை நிகழ்ந்தால் அது மெய்யான இறப்பு, இறந்தவன் எத்துணை நெடிய ஆயுள் உடையவனாயினும் சரி. இவை நிகழாவிடின் அது உறக்கம். அதற்கு ஒப்பாரி எதற்கு?

இவ்வளவையும் எழுதி முடித்தபோது தீர்ப்புத் தயாராகிவிட்டது என்றே எண்ணினோம். மாணவரின் கதை சோம்பலால் கெட்டது. வரவுக்கு விலை வைக்கவில்லை. ஆதலின் அணிந்துரை தருவதற்கில்லை. அக்கடிதத்தோடுதான் அன்று சிதம்பரம் வண்டியில் ஏறினோம்.

வழியில் பி. முட்லூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலை பரங்கிப்பேட்டைக்குச் செல்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் அவ்வூரைக் கடக்கும்போது உமறுப்புலவரை நினையாமல் இருக்க முடியாது. வள்ளல் சீதக்காதிக்குப் பின் அவரைப் புரந்த அபுல் காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டைப் பெருமகனார் அல்லரோ! சீறாப்புராணத்தின் 5027 செய்யுளினூடே அவ்வள்ளலின் பெயரைப் பல இடங்களில் நன்றியோடு பொறித்திருக்கிறார் புலவர். அந்நூலின் நுபுவ்வத்துக் காண்டத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட படலத்தை அடுத்துக் காம்மா ஈமான் கொண்ட படலம் வருகிறது. வண்டியில் அமர்ந்தபடி அதை மனத்துள் புரட்டிக்கொண்டு சென்றோம்.

காம்மா என்று உமறு தமிழாக்கிய ஹாமா, இபுலீசின் வழித்தோன்றல். இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களின் நபித்துவச் சான்று நூலில் அவர் வரலாறு விரிவாக இருக்கிறது. காபீல் தம்பி ஹாபீலைக் கொன்ற நாளில் ஹாமா சிறுவர். நூஹ் நபி (அலை) அவர்களின் முன்னிலையில் பாவமன்னிப்புக் கோரியவர். மூஸா நபியிடம் வேதம் பயின்றவர். ஈஸா நபி சொல்லியனுப்பிய ஸலாமைச் சுமந்துகொண்டு பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன் வந்து சேர்ந்தவர். இவ்வறிவிப்பு வலுவற்றது என்பர் ஹதீஸ் கலையினர். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். நாம் இதைச் சட்டத்துக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. ஒரு வரலாறு எப்படி முடிக்கப்படுகிறது என்பதைப் பார்க்கவே எடுக்கிறோம். அறிவிப்பின் இறுதியில் உமர் (ரலி) அவர்களின் கூற்றாக ஒன்று வருகிறது. பெருமானார் வஃபாத்தாகிவிட்டார்கள், ஹாமாவின் இறப்பைப் பற்றி எங்களுக்கு எதுவும் அறிவிக்கவில்லை, அவர் உயிரோடிருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று நாங்கள் அறியோம் என்பது அதன் கருத்து.

முதற் கொலையின் நாளிலிருந்து வாழ்ந்த ஒருவரின் கதை, அவர் இறப்பைச் சொல்லாமலேயே முடிகிறது. அவர் இறவாதவர் என்றும் சொல்லப்படவில்லை. ஜின்களும் மனிதர்களும் இறப்பார்கள், இறவாதவன் அல்லாஹ் ஒருவனே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இறப்பு உறுதி, செய்தி மட்டும் வரவில்லை.

நாம் மேலே வகுத்த மூன்றனுள் இது எதிலும் அடங்கவில்லை. இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு பெயர் உண்டு: மஃப்கூத். காணாமற்போனவர். ஓதும் காலத்தில் அப்பாடத்தை விரைவாகக் கடந்து சென்றவர்கள் நாம். அவர் மனைவி எத்தனை நாள் காத்திருப்பது, சொத்தை எப்போது பங்கிடுவது? மாலிக்கீ மத்ஹபினர் நான்காண்டு என்பர். ஹனஃபீ நூல்களில் அவரோடொத்த வயதினர் யாவரும் இறக்கும்வரை என்றும் காணலாம். நாட்டுச் சட்டம் ஏழாண்டு என்று வைத்திருக்கிறது. அதுவரை அவர் இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர்.

சிதம்பரத்தில் கீழவீதித் தேநீர்க் கடையொன்றில் மாணவரும் நாமும் அமர்ந்தோம். கடிதத்தைக் கொடுக்குமுன் ஹாமாவைப் பற்றிச் சொன்னோம். சொல்லிக்கொண்டே வந்து, "இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாது, கதை அங்கே நின்றுவிடுகிறது, தம்பி" என்றபோது அவர் குனிந்துவிட்டார்.

"அத்தாவோட மையித்துக் கிடைக்கலை ஹஜ்ரத்" என்றார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர். மாணவருக்கு அப்போது மூன்று வயது. அவர் தந்தையை இழந்தவர் என்பது நமக்குத் தெரியும். உடல் கிடைக்கவில்லை என்பது அன்றுவரை தெரியாது. அந்த வாரம் கடலூர்க் கரையில் எத்தனையோ பேரை நாமும் சேர்ந்து அடக்கினோம். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குப்பத்து மக்களுக்கு உணவும் இடமும் தந்து காத்ததையும் கண்டோம். கிடைத்த உடல்களையே எண்ணிக்கொண்டிருந்தோம், கிடைக்காதவற்றை எண்ணவில்லை. சான்றிதழ் வந்தது, இத்தா முடிந்தது, காயிப் ஜனாஸாவும் தொழுதார்கள். "அம்மா மட்டும் ரொம்ப நாள் வாசக் கதவைத் தாழ் போடவே இல்லை ஹஜ்ரத்" என்றார்.

அந்த ஜின் ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறான் என்பது அப்போது விளங்கிற்று. சோம்பல் என்று எழுதிய கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நூலின் குற்றத்தைச் சரியாகக் கண்டோம். அதன் காரணத்தைத் தவறாகக் கண்டோம். திறனாய்வு செய்வோர் எல்லாருக்கும் இது நேரக்கூடியது. இதற்காக நாணுவதில் குற்றமில்லை.

ஆயினும் காரணம் தெரிந்ததனால் குற்றம் குணமாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது; சொன்னோம். துயரம் உண்மையானது, கதையின் இரண்டு வரவுகளும் அத்துயரத்துக்குப் பொய் சொல்கின்றன. கதவைத் தாழிடாமல் காத்திருந்த பெண்மணிக்கு ஓர் இரவும் அவர் வந்து நிற்கவில்லையே! கதையில் மட்டும் பதினைந்தாம் அதிகாரத்தில் வந்து நின்றால், காத்திருந்த அத்தனை இரவுகளையும் நாம் மலிவாக்கிவிடுகிறோம். ஜின்னைச் சாகடிக்கவும் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். முதற் பக்கத்தில் அவனுக்குச் சாவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, அவனுக்கும் தவணை உண்டு என்று எழுதலாம். ஒருநாள் அவன் கடற்கரைக்குப் போகட்டும். செய்தி வராமல் இருக்கட்டும். அவனுக்காகக் காத்திருப்பவர்களோடு கதை நடக்கட்டும். ஹாமாவின் வரலாற்றை முடித்தவர்கள் அப்படித்தான் முடித்தார்கள்.

மாணவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாசகர் சினங்கொள்வர் என்றார். முடிவு சொல்லாத கதையை யார் வாங்குவர் என்றார். உமறுப்புலவரின் சீறாவும் பெருமானாரின் வஃபாத்து வரை செல்லாமல் நின்றுவிட்ட நூல்தான். மிகுதியைச் சின்னச் சீறா என்று பின்வந்த பனீ அஹ்மது மரைக்காயர் பாடினார். நின்ற இடத்தில் நின்ற நூலைத் தமிழ் முஸ்லிம்கள் முந்நூறு ஆண்டாகப் போற்றி வருகிறார்களே என்றோம். சிரித்தார். எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஆகவே அவர் கேட்ட கேள்விக்கு நம் விடை இது: இறவாதார் கதையில் இறக்கலாம், கணக்குத் தீர்ந்து எல்லை கடப்பார்களாயின் அது மெய்யான இறப்பே. திரும்பத் திரும்ப எழுந்து வருபவன் இறக்கவும் இல்லை, வாழவும் இல்லை. இறப்பைச் சொல்ல மனம் வராத எழுத்தாளர், சொல்லாமல் விடலாம்; ஆனால் இல்லையென்று சொல்லக் கூடாது.

அன்று பிரியுமுன் படியை ஒருமுறை வாங்கிப் பார்த்தோம். காணிக்கைப் பக்கத்தில், அவர் அத்தாவின் பெயருக்கு முன்னால் நாம் பென்சிலால் சேர்த்த 'மர்ஹூம்' அப்படியே இருந்தது. அச்சொல் சரியானதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு சட்டமும் ஷரீஅத்தும் அதையே சொல்லும். ஆயினும் அதை எழுதவேண்டியது நாம் அல்லோம். கடைக்காரரிடம் அழிப்பான் இல்லை. விரலால் தேய்த்தே அழித்தோம். எழுதுவதா வேண்டாமா என்பதை மகனே முடிவு செய்யட்டும். அணிந்துரைக்கான தாளை எடுத்து வைத்திருக்கிறோம்.